உள்பக்கத் தாழ்ப்பாள்

ரீகாவின் விளிம்பில், பைன் மரங்கள் முடியும் இடத்தில்
எங்கள் மஞ்சள் கட்டடம். மூன்றாம் மாடியில்
ஒரு பொய்வீடு வைத்திருக்கிறோம்.
பொய்யென்றாலும் அடுப்பு சுடும்.
குழாயில் தண்ணீர் வரும்.
வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும்,
வார்டில் யாரும் கேட்காத மரியாதை அது.

கற்றோம் என்றே தெரியாமல் மற்றவர்கள் கற்றுவிட்டவை
இங்கே என் பாடங்கள்.
கிழங்கு வெந்ததா என்று முள்கரண்டியால் குத்திப் பார்ப்பது.
பால் டப்பாவில் தேதி எந்த மூலையில் ஒளிந்திருக்கும் என்பது.
வெளியே கிளம்புமுன்
அடுப்பை ஒரு முறை திரும்பிப் பார்ப்பது.
ஏழு முறை அல்ல.
ஒரு முறை.

அவுஸ்த்ரா தன் போர்வையை எந்திரத்தில் போட்டுவிட்டு
வட்டக் கண்ணாடி முன் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.
டீ குடித்துவிட்டு வரலாமே என்றேன்.
எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றாள்.
யார் என்று கேட்கும் தகுதி
கழுத்தில் சாவிக்கொத்து மாட்டியிருக்கும் எனக்கு இல்லை.
நானும் உட்கார்ந்தேன்.
சுற்றியது, நின்றது, எதிர்ப்பக்கம் சுற்றியது.

இமாந்த்ஸ் உள்ளே வந்தபோது
நாட்டில் வேறு பணம் ஓடியது.
கடைக்குப் போகும் பாடத்தில்
ரொட்டி, கெஃபீர், சவர சோப்பு என்று
மேசையில் பரப்பி விலை எழுதி வைத்தேன்.
யூரோவா, என்றார். டிவியில் பார்த்திருக்கிறேன்.
பிறகு குனிந்து இடது காலுறைக்குள் கைவிட்டு
ஏழு லாட்ஸ் எடுத்து வைத்தார்.
பதினோரு ஆண்டு உடல்சூட்டில் இருந்த காசுகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு சால்மன் மீன்
இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது.

செல்லாக்காசு என்ற சொல்
என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.
கடித்துக்கொண்டேன்.
அந்தச் சொல்லை அவரிடம் காசைப் பற்றியல்லாமல்
எத்தனை பேர் சொல்லியிருப்பார்களோ.

மத்திய வங்கி இன்றும் மாற்றித் தருகிறது என்று தெரிந்தது.
டிராமில் போனோம். டிக்கெட்டை அவரே காட்டினார்.
வரிசையில் எனக்கு முன்னால் நின்றார்,
கொஞ்சம் அதிக இடைவெளி விட்டு.
ஆறைக் கொடுத்தார். ஒன்றை விரலிடுக்கில் நிறுத்திக்கொண்டார்.
கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண்
எட்டு யூரோ ஐம்பத்து நான்கு சென்ட் எண்ணி வைத்தாள்.
அவர் இரண்டு முறை எண்ணினார்.
அன்றிரவு சாப்பாட்டு மேசையில்,
ஆறு கொடுத்தால் எட்டரை தருகிறார்கள்,
வங்கிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அறிவித்தார்.
வார்டில் ஒருவரும் மறுக்கவில்லை.

படிவத்தில் நாற்பத்தொரு திறன்கள்.
கதவு அதில் இல்லை.
வார்டுக் கதவுகளுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது,
காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.
கடைசி வியாழக்கிழமை
பீட்ரூட் சூப் கொதித்துக்கொண்டிருக்கையில்
அவர் கேட்டார்:
கொஞ்சம் வெளியே போய் நிற்க முடியுமா?

நின்றேன்.
உள்ளே இரும்பு இரும்பில் நுழைந்தது.
திரும்ப எடுத்தார். மறுபடி போட்டார்.
மூன்றாம் முறை சத்தமில்லாமல் வழுக்கி விழுந்தது.
நான் தட்டினேன்.
யார்?
வினேத்தா.
கரண்டி பாத்திரத்தில் தட்டும் ஒலி.
அவசரமில்லாத ஒருவரின் நடை
கதவுவரை வந்து
நின்றது.
இன்று வேண்டாம், என்றார். நாளைக்கு வாருங்கள்.

என் காலணி உள்ளே இருந்தது.
நடைவழித் தரை காலுறையைத் தாண்டிக் குளிர்ந்தது.
அடுப்பை அணைத்தீர்களா என்று கேட்க
இரண்டு முறை வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
படிக்கட்டு இறங்கி,
வெறுங்காலோடு வரும் என்னைப் பார்த்து
காவலாளி எழுந்து நிற்க,
ஒன்றுமில்லை என்றேன்,
வீட்டில் ஆள் இருக்கிறார்.